தீர்த்தன் நாட்டார் மடித்து வைத்த கம்பளி

நாலு மூலையிலும் கறுப்பு மை தடவிய அஞ்சலட்டை ஒன்று போன மாதம் திருப்பத்தூரில் என் வீட்டு வாசலுக்கு வந்தது. தபால்காரர் அதை நீட்டும்போதே என் மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிட்டாள். வாசலிலேயே நின்று படித்துவிட்டுக் கிழித்துப் போட வேண்டும், கால் கழுவிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும் என்றாள். சாவுக் கடிதத்தை வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. நின்றபடியே படித்தேன். 'தீர்த்தன் நாட்டார் புதன்கிழமை காலையில் காலமானார். பதினாறாம் நாள் காரியம்.' ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக, பக்கத்து எழுத்தைத் தொடாமல் தனித்தனியாக நின்றது. யார் கை என்று தெரியவில்லை. கிழிக்க மனம் வரவில்லை. மனைவிக்குத் தெரியாமல் டைரிக்குள் செருகிக்கொண்டு, கால் மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜவ்வாது மலைப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு நாட்டாரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மாற்றல் உத்தரவு வந்து சந்தோஷத்தில் ஓடியவர்களைக்கூட நிறுத்தி, "முழுசா படிச்சிட்டுக் கெளம்புங்க சார்" என்று சொன்ன மனிதர் அவர். அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் ஊர் வழக்குகளைத் தீர்த்து வைப்பவருக்கு நாட்டார் என்று பெயர். பஞ்சாயத்து கூடும் நாளில் அவருக்கென்று ஒரு கறுப்புக் கம்பளி விரிப்பார்கள். அவர் அதில் உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும். அவர் எழுந்துவிட்டால் தீர்ப்பு முடிந்தது என்று பொருள். அந்தக் கம்பளியை ஒரு வருஷம் மடித்து வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்த ஒரே நாட்டார் எனக்குத் தெரிந்து இவர்தான். அந்த வருஷத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பள்ளிக்கு என்னை மாற்றினார்கள். ஆலங்காயத்துக்காரனான எனக்கு மலை ஒன்றும் தூரமில்லை. ஆனாலும் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்துவிட்டதாக ஊரெல்லாம் புலம்பிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு பஞ்சாயத்தைப் பார்த்தேன். மாதம்மா என்று ஒரு பெண். அந்த வருஷம்தான் புருஷனைப் பறிகொடுத்திருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள், கொஞ்சம் சாமை விளையும் சரிவு, ஏழு புளியமரங்கள், இவ்வளவுதான் அவளுக்கு. மரமேறி உலுக்க ஆள் இல்லாததால், மரங்களை மூன்று வருஷத்துக்குக் குத்தகைக்கு விடுவதாகப் பேச்சு. அடிவாரத்து மண்டிக்காரர் ஒருவரின் ஆள் காகிதத்தோடு வந்திருந்தான். "மூணு வருஷம்" என்று கூட்டத்துக்கு நடுவே உரக்கச் சொன்னான். நாட்டார் முதலில் கட்டைவிரல் ரேகை வைத்தார். அதைப் பார்த்துவிட்டு மாதம்மா வைத்தாள்.

அந்தக் கூட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன், வந்த ஆளைத் தவிர, நான் ஒருவன்தான். காகிதத்தை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நமக்கெதற்கு வம்பு என்று நின்றேன். அவர்கள் யாரும் என்னிடம் கேட்கவுமில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது. பஞ்சாயத்தில் ஒருவன் வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை இன்னொருவனைக் கொண்டு சரிபார்ப்பது, சொன்னவனைப் பொய்யன் என்று திட்டுவதற்குச் சமம். மலையில் அப்படி யாரும் செய்ய மாட்டார்கள். ஆகையால் அந்தக் காகிதத்தின் நகல், ஊர் வழக்கப்படி நாட்டார் வீட்டுச் சாமைக் கூடைக்குள் போனது. எங்கள் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நாலு வாத்தியார்கள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில், யாரும் படிக்காமல் மூன்று வருஷம் கிடந்தது.

அந்த மூன்று வருஷத்தில்தான் நானும் நாட்டாரும் சிநேகிதர்களானோம். அதற்குக் காரணம், சொன்னால் சிரிப்பீர்கள், இங்கிலாந்தில் ஆண்ட ஓர் ஆங்கிலோ-சாக்சன் ராஜா. நான் அப்போது பி.ஏ. வரலாறு தனியாகப் படித்து எழுதிக்கொண்டிருந்தேன். அதில் இங்கிலாந்து வரலாறு என்று ஒரு பேப்பர். வாய்விட்டுப் படிக்காவிட்டால் எனக்கு மண்டையில் ஏறாது. காலையில் பள்ளி வராந்தாவில் நடந்தபடி கத்திக் கத்திப் படிப்பேன். விடுதிச் சமையலுக்கு விறகு கொண்டுவந்து போடும் நாட்டார், சுமையை இறக்கிவிட்டு நின்று கேட்பார். ஒரு நாள், "இன்னா சார், தெனமும் யார் மேல இந்தக் கோவம்?" என்று கேட்டார். கோபமில்லை, படிப்பு என்றேன். யாரைப் பற்றி என்றார். ஆல்ஃபிரட் என்ற ராஜாவைப் பற்றி என்றேன். அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. கடைசிவரை 'உங்க ராசா' என்றுதான் சொன்னார், ஏதோ நான் என் சீதனத்தில் கொண்டுவந்த ராஜா மாதிரி.

கதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டார். அண்ணன்மார் ஒருவர்பின் ஒருவராக ஆண்டு மறைந்த பிறகு, கடைசித் தம்பி பட்டத்துக்கு வந்தான். கடல் தாண்டி வந்த டேனியர்கள் நாட்டின் பெரும்பகுதியைப் பிடித்துவிட்டார்கள். ஒரு குளிர்காலத்தில் இவனையும் விரட்டினார்கள். சதுப்புக் காட்டுக்குள் ஓடி ஒளிந்தான். அங்கே மாடு மேய்ப்பவன் ஒருவன் குடிசையில் தங்கியபோது, அடுப்பில் வேகும் ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாளாம் அந்த வீட்டுக்காரி. ராஜா யோசனையில் இருந்துவிட்டான், ரொட்டி தீய்ந்துவிட்டது. வந்தவள் அவன் யாரென்று தெரியாமல் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். இது பின்னால் வந்தவர்கள் சேர்த்த கதை, பரீட்சைக்கு வராது என்றும் சொன்னேன். நாட்டார் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"திட்டினவள அப்புறம் அவன் இன்னா பண்ணான்?" என்று கேட்டார். ஒன்றும் செய்ததாகக் கதையில் இல்லை என்றேன். விறகுக் கட்டையைத் தட்டிவிட்டு, "அப்டின்னா அவன் ராசாதான்" என்றார்.

அதன் பிறகு அந்த ராஜாவை அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். சதுப்பிலிருந்து வெளியே வந்து ஆள் சேர்த்து ஜெயித்ததைச் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். தோற்ற எதிரியைக் கொல்லாமல், ஞானஸ்நானம் செய்வித்துத் தன் ஞானமகனாக ஏற்றுக்கொண்டான் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். படையை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேர் தன்னோடு, பாதிப் பேர் ஊரில் நிலத்தைப் பார்க்கட்டும் என்று முறை வைத்தானாம். "வெதைக்கிற நாளு தெரிஞ்சவன்" என்று அதற்குச் சான்றிதழ் கொடுத்தார். பழைய சட்டங்களையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாக எழுதினான், ஆனால் தன் சொந்தச் சட்டங்களை நிறையச் சேர்க்கத் தயங்கினான், பின்னால் வருகிறவர்களுக்கு அவை பிடிக்குமோ பிடிக்காதோ என்று யோசித்தான் என்று நான் படித்த நாளில், நாட்டார் விறகு போட்ட கூலியைக்கூட வாங்க மறந்து போய்விட்டார்.

நான்காவது மாசி பிறந்தது. குத்தகை முடிந்தது என்று மாதம்மா தன் மரங்களை உலுக்கப் போனாள். மண்டிக்காரரின் ஆள் வந்து தடுத்தான். காகிதத்தைப் பார் என்றான். நாட்டார் சாமைக் கூடையிலிருந்து நகலை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக என்னிடம் வந்தார். நான் கண்ணை ஓட்டி, வருஷம் எழுதியிருந்த வரியைத் தேடிப் படித்தேன். பதிமூன்று வருஷம் என்று இருந்தது. அந்த வரியை மட்டும் படித்துச் சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன். கூடவே வந்திருந்த மாதம்மா அழவில்லை. நாட்டாரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"நீ ரேகை வெச்சத பாத்துதான் மாமா நான் வெச்சேன்."

மரம் இல்லையென்றால் அவள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காபித் தோட்டத்துக்குக் கூலியாகப் போக வேண்டும். அப்படிப் போன குடும்பங்கள் திரும்பி வந்ததை மலையில் யாரும் பார்த்ததில்லை. நான் கலெக்டருக்கு மனு எழுதினேன். ஒன்றல்ல, மூன்று. பதில் வந்தபாடில்லை.

அந்த வாரத்தில் ஒரு காலை. நாட்டார் விறகோடு வந்தார். முகம் சரியில்லை. பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, "உங்க ராசா பஞ்சாயத்து பண்ணுவானா சார்?" என்று கேட்டார். நான் ஒரு மடையன். யோசிக்காமல் புத்தகத்தில் இருந்ததை அப்படியே சொன்னேன். அந்த ராஜா தன் நீதிபதிகள் சொன்ன தீர்ப்புகளை விசாரிப்பான். தப்பான தீர்ப்பு என்று தெரிந்தால் ஆளைக் கூப்பிட்டு, தெரியாமல் செய்தாயா, தெரிந்தே செய்தாயா என்று கேட்பான். தெரியாமல் செய்தேன் என்றால், ஒன்று பதவியை விடு, இல்லாவிட்டால் படிக்கக் கற்றுக்கொள் என்பான். நரைத்த தலைகளெல்லாம் பதவியை விட மனமில்லாமல் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்களாம். சுத்தமாக முடியாதவர்களுக்கு மட்டும் மகனோ உறவுக்காரனோ பக்கத்தில் இருந்து படித்துக் காட்டலாம் என்று விட்டுக்கொடுத்தான். சொல்லி முடித்த பிறகுதான் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது. நாட்டார் எழுந்து போய்விட்டார்.

அடுத்த பஞ்சாயத்தில் கம்பளி விரித்தார்கள். நாட்டார் வந்தார், குனிந்தார், கம்பளியை எடுத்து நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "படிக்கத் தெரிஞ்சப்புறம் இதும்மேல குந்தறேன். அதுவரைக்கும் யார் வழக்கையும் நான் தீக்க மாட்டேன்" என்றார். சிலர் சிரித்தார்கள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் பள்ளிக்கூடமா என்றார்கள். சிலருக்குக் கோபம். வரப்புத் தகராறை யாரிடம் கொண்டுபோவது? அவர் மனைவி சின்னபாப்பா எல்லார் முன்னாலும் தலையில் அடித்துக்கொண்டாள். மாதம்மாவிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். அடுத்த மாசி வரைக்கும் ஊரை விட்டுப் போகாதே என்றார். அதுவரை அவள் வீட்டுக்குச் சாமை அவர் வீட்டிலிருந்து போயிற்று.

மறுநாள் என்னிடம் வந்தார். நான் முதல் வகுப்புப் பாடப்புத்தகத்தை எடுத்தேன். வேண்டாம் என்றார். "அம்மா, ஆடு எல்லாம் எனக்குத் தெரியும் சார். எனக்கு இது தெரியணும்" என்று மடியிலிருந்து அந்தக் குத்தகைக் காகிதத்தை எடுத்து விரித்தார். இப்படி ஒருவர் படிப்புத் தொடங்கி நான் கண்டதில்லை. ஆசிரியர் பயிற்சியில் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. ஆகையால் தீர்த்தன் நாட்டார் முதன்முதலில் கற்ற சொல் 'பதிமூன்று'. அதற்கே மூன்று வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரக் கடைசியில் விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்துக்கொண்டு, "இவ்ளோதானா சார் இது? இதுக்கா ஏழு மரம்?" என்றார்.

படிப்பு ஏறுவதாக இல்லை. எனக்கோ பொறுமை கிடையாது, உங்களுக்கே தெரியும். பிள்ளைகளை அதட்டுவது போலவே அவரையும் அதட்டினேன். ஒரு நாள் ஒரே வரியை ஏழு தரம் தப்பாகப் படித்தார். நான் காகிதத்தைப் பிடுங்கி, இதற்கு நானே படித்துச் சொல்லியிருக்கலாம் என்று கத்தினேன். அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"நீங்க அன்னிக்கு அங்கதான் நின்னுட்டிருந்தீங்க சார்" என்றார்.

மூன்று வருஷமாக இவர் அதை மனதில் வைத்திருக்கிறாரே என்று உடம்பெல்லாம் கூசியது. அவரே தொடர்ந்தார்: "உங்கள கொறை சொல்லல. கேட்டிருக்க வேண்டியவன் நான். கேக்கல. இனிமே யாரையும் கேக்காத மாதிரி ஆய்டணும்னுதான் குந்தியிருக்கேன். மெதுவா சொல்லிக் குடுங்க." அந்த நாளுக்குப் பிறகு நான் அவரை அதட்டவில்லை. வகுப்பில் பிள்ளைகளையும் கொஞ்சம் குறைத்துத்தான் அதட்டினேன்.

அதே சமயம் என் பரீட்சையும் வந்தது. நம்பினால் நம்புங்கள், ஆல்ஃபிரட்டின் ஆட்சியையும் அவன் விட்டுச் சென்றதையும் விவரிக்கச் சொல்லி ஒரு கேள்வி. எனக்குத் தலைகால் புரியவில்லை. நீதிபதிகள் படித்த கதையையே பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினேன். மணி அடித்தபோது மற்ற கேள்விகள் அப்படியே கிடந்தன. ஃபெயில். விஷயம் தெரிந்ததும் நாட்டார், "ராசா என்னிய பாஸ் பண்ண வுடுறானோ இல்லயோ, உங்கள ஃபெயிலாக்கிட்டான்" என்று சொல்லிச் சிரித்த சிரிப்பில் விடுதிச் சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்துவிட்டார்.

தை பிறந்து சில நாள் கழித்து, நான் வகுப்பில் இருக்கும்போது நாட்டார் வாசலில் வந்து நின்றார். அவர் வகுப்பு நேரத்தில் வந்ததே இல்லை. வெளியே போனேன்.

"மேற்குன்னா சூரியன் வுழற பக்கம்தானே சார்?"

ஆமாம் என்றேன்.

"ஓடைக்கு மேற்கே உள்ள ஏழு மரம்னு எழுதியிருக்குது. மாதம்மா மரம் கெழக்கால இல்ல இருக்குது?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். அப்படியேதான் எழுதியிருந்தது. கீழேயிருந்து ஏறி வருகிறவனுக்கு அந்த ஓடைக்கரையில் திசை குழம்பும். எழுதியவன் மாற்றி எழுதிவிட்டான். ஒரு வருஷமாக அந்தக் காகிதத்தை வைத்துப் பாடம் நடத்திய எனக்கு அது கண்ணில் படவில்லை. நான் சொற்களைப் பார்த்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் இடத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாதம்மா மரம் இதில் இல்லவே இல்லை, காகிதம் செல்லாது, ஜெயித்துவிட்டோம் என்றேன்.

"மேற்காலயும் ஏழு மரம் இருக்குது சார்" என்றார்.

யாருடையது என்று கேட்டேன். "என்னுது" என்றார்.

அதை மட்டும் வெளியே சொல்லாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். திசை தப்பு, ஆகவே காகிதம் தப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம், மற்றது அவன் பாடு என்றேன். நாட்டார் காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "பாதிய படிச்சிட்டுப் பாதிய வுடறதுன்னா, படிக்காமயே ரேகை வெச்சிட்டுப் போலாமே சார்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு எதிராக இன்றுவரை எனக்கு ஒரு வாதமும் கிடைக்கவில்லை.

மாசியில் பஞ்சாயத்து கூடியது. மண்டிக்காரரின் ஆளும் வந்திருந்தான். நாட்டார் தரையில் உட்கார்ந்து, காகிதத்தைத் தொடையில் விரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். வெயில் ஏறி உச்சிக்குப் போயிற்று. வந்தவன் மூன்று பீடி பிடித்தான். யாரும் எழுந்து போகவில்லை. ஓடைக்கு மேற்கே என்ற இடம் வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒரு தரம் படித்தார். அந்த ஆள் சிரித்துவிட்டு, எழுதினவன் தெரியாமல் மாற்றி எழுதிவிட்டான், எந்த மரம் என்று எல்லாருக்கும்தான் தெரியுமே என்றான்.

"மூணு வருஷம்னு சொன்னதும் எல்லாருக்கும்தான் தெரியும்ங்க" என்றார் நாட்டார். "அப்போ காகிதத்த பாருன்னீங்க. இப்பவும் காகிதத்தையே பாப்போம்."

நாட்டார் குரலை உயர்த்தாமல், ஓடைக்கு மேற்கே இருக்கும் ஏழு மரமும் தன்னுடையவை, மிச்சமுள்ள ஒன்பது வருஷமும் அவற்றை உலுக்கிக்கொள்ளலாம், மாதம்மா மரத்தை இனி யாரும் தொடக்கூடாது என்றார். மண்டிக்காரருக்கு ஏழு மரம் எந்தக் கரையில் இருந்தால் என்ன? அவன் சரியென்று எழுந்து போனான்.

சின்னபாப்பா சும்மா விடவில்லை. படிச்சது போதாதா, குடும்பத்தையும் எழுதிக் குடுத்துட்டியா என்று ஊருக்கு நடுவில் வைத்து அவரைப் பிடித்து உலுக்கினாள். அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒன்பது வருஷப் புளி என்பது அந்த வீட்டுக்குச் சின்ன விஷயமில்லை. நாட்டார் தலையைக் குனிந்து முழுவதையும் வாங்கிக்கொண்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது என் பக்கம் திரும்பி, "உங்க ராசாவும் திட்டு வாங்கினவன்தானே சார்" என்றார். எதற்கு என்று தெரியாமலே கூட்டம் சிரித்தது. சின்னபாப்பாவும் சிரித்துவிட்டாள்.

அப்போது மாதம்மா எழுந்து நாட்டார் வீட்டுக்குள் போனாள். மடித்த கம்பளியை எடுத்து வந்து, உதறி, வழக்கமான இடத்தில் விரித்தாள். விரித்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாட்டார் போய்க் கம்பளியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒரு சட்டம் சொன்னார். இனிமேல் எந்தக் காகிதமாக இருந்தாலும், நம் ஊர் ஆள் ஒருவர் கூட்டத்தில் வைத்துக் கடைசிவரை வாய்விட்டுப் படித்த பிறகுதான் ரேகை. படிக்கச் சொன்னால் யாருக்கும் அவமானமில்லை. "புடிக்கலன்னா பின்னால வர்றவங்க மாத்திக்கட்டும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அதை எங்கே கேட்டார் என்று எனக்கு மட்டும் தெரியும்.

அதன்பின் நான் பரீட்சையில் தேறினேன், திருப்பத்தூருக்கு மாற்றலும் வாங்கினேன். நாட்டாரிடமிருந்து வருஷத்துக்கு ஒரு தரம் அஞ்சலட்டை வரும். மழை, சாமை, யார் வீட்டில் யார் பிறந்தார்கள் என்று இருக்கும். கடைசியில் தவறாமல் 'உங்கள் ராசா நலமா' என்று கேட்டிருப்பார். ஒன்பது வருஷமும் கழிந்து அவர் மரங்கள் அவருக்கே திரும்பிய மாசியில் நான் மலைக்குப் போயிருந்தேன். மரத்தடியில் நின்று, அந்த ராஜா போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டார். அவன் பேரன் காலத்தில் நாடு ஒன்றாயிற்று, அவன் கோட்டை கட்டிய ஊர்களில் பல இன்னும் இருக்கின்றன, லத்தீனிலிருந்து மக்கள் பேச்சுக்கு அவன் மாற்றிய புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் 'பெரிய' என்ற பட்டத்தோடுதான் அவனைச் சொல்கிறார்கள் என்றேன். கோட்டையைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "படிச்ச அந்தக் கெழவனுங்க பேரு எங்கியாவது எழுதியிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரிந்து இல்லை என்றேன். "பாவம், கஷ்டப்பட்டிருப்பானுங்க" என்றார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். கூட்டம் நிறைய. சடங்குகள் முடிந்ததும் அடுத்த நாட்டாராக அவர் தம்பி மகனை உட்கார வைக்க ஏற்பாடு நடந்தது. கம்பளியை விரிப்பதற்கு முன் ஒரு பெரியவர் அவனிடம் ஒரு பழைய காகிதத்தைக் கொடுத்தார். மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டியிருந்தது. அதே குத்தகைக் காகிதம். அதைக் கூட்டத்தில் வைத்து முழுவதும் படிக்கிறவன்தான் கம்பளியில் உட்காரலாம் என்று நாட்டார் சொல்லி வைத்திருந்தாராம். அவன் நின்றபடி படித்தான். பதிமூன்று என்ற சொல் வந்ததும் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்து அதைச் சொன்னார்கள், சிறுசுகள் உட்பட. துக்க வீடு என்பதையே மறந்து நானும் உரக்கச் சொன்னேன்.

அப்புறம் மாதம்மா என்னிடம் வந்தாள். தலை நன்றாக நரைத்துவிட்டது. பெண்கள் இருவருக்கும் மலையிலேயே கல்யாணமாகிவிட்டது. "லெட்டரு வந்துதா சார்?" என்று கேட்டாள். வந்தது, யார் எழுதியது என்று கேட்டேன். தான்தான் என்றாள். எனக்கு நம்ப முடியவில்லை. அதே காகிதத்தை வைத்து நாட்டார் தனக்கும் சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னாள். பிறகு கூட்டத்தைக் காட்டி, "எல்லாரும் காத்துட்டிருக்காங்க. ஆரம்பிங்க சார்" என்றாள்.

எதை ஆரம்பிப்பது என்று விழித்தேன்.

"லெட்டர முழுசா படிச்சீங்களா?"

டைரியிலிருந்து அஞ்சலட்டையை எடுத்தேன். முன்பக்கத்தில் நான் படித்த அந்த இரண்டு வரிதான் இருந்தது. புரட்டினேன். விலாசத்துக்குப் பக்கத்தில் இருந்த இடத்தில் அதே பெரிய எழுத்துக்களில் இன்னும் இரண்டு வரி இருந்தது. 'நாட்டார் காரியத்தில் உங்கள் ராசா கதையை நீங்கள் சொல்ல வேண்டுமாம். அவர் சொல்லிவிட்டுத்தான் போனார்.' பத்து நாளுக்கு மேலாக என் டைரியில் இருந்திருக்கிறது. நான் பாதியைப் படித்துவிட்டுப் பாதியை விட்டிருக்கிறேன். மாதம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்துவிட்டது.

குறிப்பு ஒன்றும் இல்லாமல், நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினேன். கடைசித் தம்பி, சதுப்புக் காடு, தீய்ந்த ரொட்டி, எழுத்துக் கூட்டிய நரைத்த தலைகள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அந்தக் கிழவர்களின் பெயர் எங்கேயும் எழுதப்படவில்லை என்று முடித்தேன். இவர் பெயராவது எழுதப்பட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தீர்த்தன் நாட்டார். ஓடைக்கு மேற்கே ஏழு புளியமரங்கள் உடையவர்.

அவரிடமிருந்து எனக்குக் கடைசியாக வந்தது மாதம்மா எழுதிய அந்த அஞ்சலட்டைதான். அது வீட்டுக்குள் இருப்பது இப்போது என் மனைவிக்கும் தெரியும். முன்பக்கம் படித்துக் காட்டினேன். உடனே அவளே கேட்டாள், பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று.